சுதாகர் அழித்த ஆறு வரிகள்

அந்த ஜனவரியில் ஸ்வப்னா லீவில் இருந்தாள். அவள் சீட்டில் இருந்திருந்தால் சுதாகர் அந்த ஆறு வரிகளைத் தொட்டிருக்க மாட்டான்.

போர்ட் ப்ளேரில் ஒரு தனியார் படகுக் கம்பெனியின் கம்ப்யூட்டர் வேலைகளை இவர்கள் இரண்டு பேரும்தான் பார்த்துக்கொண்டார்கள். சுதாகருக்கு முப்பத்தாறு வயது, பத்து வருஷ சர்வீஸ், நிரந்தர வேலை. ஸ்வப்னாவுக்கு இருபத்தைந்து வயது. ஒப்பந்த ஊழியர், ஒவ்வொரு ஜூன் கடைசியிலும் மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் வேலை. ஆனால் வேலையில் அவள்தான் கெட்டிக்காரி. அது இருவருக்கும் தெரியும். அவளிடம் சந்தேகம் கேட்க நேரும்போதெல்லாம் சுதாகர், "சும்மா செக் பண்றேன்" என்று சொல்லிக்கொண்டுதான் கேட்பான்.

கடல் கொந்தளித்துப் படகு ரத்தானால் பயணிகளுக்கு எஸ்.எம்.எஸ். போகவேண்டும். அதற்கான ஸ்கிரிப்டை எழுதியவள் ஸ்வப்னா. டேட்டாபேஸில் அன்றைய பயணிகளின் பட்டியலைப் பார்க்கும். செய்தி போகாதவர்களில் முதல் ஆளை எடுக்கும். அவருக்குச் செய்தி அனுப்பும். 'அனுப்பியாச்சு' என்று அவர் பெயருக்கு எதிரே குறிக்கும். மறுபடி மேலே போய் அடுத்த ஆளை எடுக்கும். ஆள் தீர்ந்ததும் நின்றுவிடும். ஒருவேளை நிற்காமல் போனால் என்ன செய்வது என்று ஆறு வரிகளையும் சேர்த்து எழுதியிருந்தாள். நூற்றைம்பது சுற்றுக்கு மேல் போனால் நிறுத்து. ஒரே ஆள் இரண்டாம் தடவை வந்தாலும் நிறுத்து.

ஜனவரியில் சீசன் கூட்டத்துக்காகக் கம்பெனி பெரிய படகு ஒன்றை விட்டது. ஒருநாள் அது ரத்தானபோது பயணிகள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஸ்கிரிப்ட் நூற்றைம்பதில் நின்றுவிட்டது. மீதிப் பேர் பெட்டியும் குழந்தையுமாகப் படகுத்துறை ஜெட்டிக்கு வந்து சத்தம் போட்டார்கள். மேனேஜர் சந்திரசேகர் சுதாகரைக் கூப்பிட்டு, "க்யா யார், ஒரு மெசேஜ் அனுப்ப முடியாதா உன்னால?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

நூற்றைம்பதை முந்நூறாக மாற்றியிருந்தால் போதும். சுதாகர் ஆறு வரியையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தான். தன்னை எல்லார் முன்னாலும் கேவலப்படுத்திய வரிகள் என்ற எரிச்சல் அதில் கொஞ்சம் இருந்தது. ஸ்வப்னா வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அவள் வந்தாள். சொல்லவில்லை. பிப்ரவரியில் ஒன்றிரண்டு தடவை படகு ரத்தாகி, ஸ்கிரிப்டும் ஒழுங்காக ஓடியது. பிறகு அது அவனுக்கு ஞாபகத்திலேயே இல்லை.

ஜூன் இரண்டாம் வாரம் ஒரு புதன்கிழமை. விடிந்ததிலிருந்தே மழையும் காற்றும். ஹேவ்லாக் தீவிலிருந்து பதினொன்றரைக்குக் கிளம்பும் படகை ரத்து செய்யச் சொல்லிவிட்டார்கள். காலை எட்டு இருபதுக்கு சுதாகர் ஸ்கிரிப்டை ஓடவிட்டுவிட்டுக் கேண்டீனுக்குப் போனான். எண்பத்துநாலு பேர்தான். இரண்டு நிமிஷ வேலை.

எட்டு ஐம்பத்தைந்துக்கு ஹேவ்லாக் ஜெட்டி கவுண்டரிலிருந்து பன்னீர்செல்வம் போன் பண்ணினார்.

"சுதாகர் பாய், இங்க பப்ளிக் வந்துட்டே இருக்காங்க. யாருக்கும் மெசேஜ் வரலைங்கறாங்க."

"அனுப்பியாச்சே. உங்க பக்கம் நெட் இல்லாம இருக்கும்."

"நெட் இருக்கு பாய். இப்ப வாட்ஸ்அப்ல வீடியோ பார்த்துக்கிட்டுதான் நிக்கறாங்க."

சுதாகர் ஓடிவந்து திரையைப் பார்த்தான். ஸ்கிரிப்ட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வரிவரியாக ஒரே பெயர் மேலே ஏறிக்கொண்டிருந்தது. விஜயகுமாரி. விஜயகுமாரி. விஜயகுமாரி.

என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. முந்தின நாள் கவுண்டரில் யாரோ அந்த அம்மாவின் டிக்கெட்டைத் தவறுதலாக 'படகில் ஏறியாச்சு' என்று குறித்துவிட்டார்கள். ஏறிய டிக்கெட்டில் எந்த மாற்றமும் செய்ய டேட்டாபேஸ் விடாது. ஸ்கிரிப்ட் செய்தியை அனுப்பியது, 'அனுப்பியாச்சு' என்று குறிக்கப் பார்த்தது, டேட்டாபேஸ் மறுத்தது, மறுபடி மேலே போனது. அங்கே செய்தி போகாத முதல் ஆளாக அதே விஜயகுமாரி இருந்தாள்.

அந்த நிமிஷம் சுதாகருக்கு இது எதுவும் தோன்றவில்லை. திரையில் ஸ்கிரிப்ட் ஓடிய ஜன்னலை மூடினான். திரை வெறுமையானது. ஆனால் பக்கத்துத் திரையில் செய்திக் கணக்கு ஏறிக்கொண்டேதான் இருந்தது. ஓடுவது சர்வரில் அல்லவா. எழுந்து சர்வர் இருந்த மூலைக்குப் போனான்.

ஸ்வப்னா அப்போதுதான் ரெயின்கோட்டைக் கழற்றியபடி உள்ளே வந்தாள். ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள்.

"சார், ஸ்விட்சைத் தொடாதீங்க! அந்த ஒரு செஷனை மட்டும் நிறுத்தலாம். நம்பர் பார்த்து..."

அதற்குள் அவன் பிளக்கைப் பிடுங்கியிருந்தான்.

ஸ்கிரிப்ட் நின்றது. கூடவே எல்லா டிக்கெட் கவுண்டரும் நின்றது. மறுபடி மின்சாரம் கொடுத்தபோது டேட்டாபேஸ் பாதியில் விட்ட வேலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கியது. அது முடிய மதியம் பன்னிரண்டாகிவிட்டது. அதுவரை கம்பெனி படகு விடும் மூன்று தீவிலும் கவுண்டரில் காகிதத்தில் எழுதிக்கொடுத்தார்கள். ஸ்வப்னா நாற்காலியில்கூட உட்காராமல், கவுண்டர் பதிவேட்டைப் பார்த்துக் கையால் எழுதின பட்டியலை வைத்துக்கொண்டு மீதி எண்பத்துமூன்று பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் பண்ணினாள்.

விஜயகுமாரிக்குப் போன செய்திகள் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு.

சாயங்காலம் சந்திரசேகர் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். கடல் தாண்டி மெயின்லேண்டில் இருக்கும் முதலாளி விளக்கம் கேட்டிருந்தார். மேஜை மேல் ஸ்கிரிப்டின் பிரின்ட் கிடந்தது. அதன் முதல் வரியிலேயே 'எழுதியது: ஸ்வப்னா' என்று இருந்தது.

"நிக்காம சுத்தினா நிறுத்தறதுக்கு இதுல ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டார்.

"இருந்தது சார்," என்றாள் ஸ்வப்னா. காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். விரல் ஒரு இடத்தில் நின்றது. "இங்க ஆறு லைன் போட்டிருந்தேன். இப்ப இல்ல."

"இல்லேன்னா எங்க போச்சு?"

"தெரியல சார்."

அவள் திரும்பி சுதாகரைப் பார்த்தாள். சர்வருக்குள் இருவரும் ஒரே பாஸ்வேர்டில்தான் நுழைவார்கள். யார் மாற்றினார்கள் என்று கம்ப்யூட்டர் சொல்லாது. அந்த அறையில் அதைச் சொல்லக்கூடியவன் ஒரே ஒருவன்தான்.

"சுதாகர், உனக்கு ஏதாவது தெரியுமா?" என்றார் சந்திரசேகர்.

வாயைத் திறந்தான். "பழைய பேக்கப்பைப் பார்த்தாத்தான் சார் தெரியும்," என்றான்.

பழைய பேக்கப்பில் அந்த ஆறு வரிகளும் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதை எடுத்துப் பார்க்கவேண்டியவன் அவனேதான் என்றும் தெரியும். பொய் சொல்லவில்லை என்று அன்று ராத்திரி தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டான். மனசு கேட்கவில்லை.

போர்ட் ப்ளேரிலேயே குட்வில் எஸ்டேட் பகுதியில் அவன் வீடு. மனைவி சௌமியா பிளக்கைப் பிடுங்கிய கதையைப் பக்கத்து வீட்டார் மூலம் ஏற்கெனவே கேட்டிருந்தாள்.

"யாரு எழுதினது அது?"

"ஸ்வப்னா எழுதினது."

அதுவும் பொய் இல்லை.

"சின்னப் பொண்ணுங்களை நம்பி இவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்தா இப்படித்தான். உங்க தலையில விழாம இருந்தா சரி," என்றாள். அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான்.

ஜூன் கடைசியில் சந்திரசேகர் ஸ்வப்னாவின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. கடைசி நாள் அவள் தன் டிராயரைக் காலி பண்ணினாள். டிபன் டப்பா, ஒரு ஸ்வெட்டர், இரண்டு நோட்டுப் புத்தகம். போகும்போது சுதாகரின் மேஜைக்கு வந்து, பாஸ்வேர்டுகள் எழுதின காகிதத்தை அவனிடம் கொடுத்தாள். "வரேன் சார்" என்றாள். ஒரு நிமிஷம் நின்றாள். அவன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்து, பிறகு எடுத்து, மறுபடி வைத்தான். நிமிர்ந்தபோது அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சுதாகர் அந்த ஆறு வரிகளை பேக்கப்பிலிருந்து எடுத்துத் திரும்பப் போட்டான். நூற்றைம்பதை முந்நூறாக்கினான். யாருக்கும் சொல்லாமல் செய்தான். செய்து முடித்ததும் அழித்த அன்றைக்கு இருந்ததைவிடக் கேவலமாக இருந்தது.

ஜூலை மூன்றாம் வாரம் சென்னையிலிருந்து ஒரு புகார்க் கடிதம் வந்தது. விஜயகுமாரியின் கொழுந்தனார் எழுதியிருந்தார். சந்திரசேகர் ஒரு மன்னிப்புக் கடிதமும், அந்தக் குடும்பத்துக்கு ஒரு வருஷம் எந்தப் படகிலும் இலவசமாகப் போக ஒரு பாஸும் தயார் பண்ணி சுதாகரிடம் கொடுத்தார்.

"நீயே நேர்ல போய்க் கொடுத்துட்டு வா. சீனியர் ஆள் வந்தா அவங்களுக்கும் மரியாதையா இருக்கும். நல்லபடியாப் பேசு, தீக் ஹை?"

விஜயகுமாரி ஹேவ்லாக்கில் ஒரு ரிசார்ட்டின் சலவைப் பகுதியில் வேலை பார்த்தாள். பன்னீர்செல்வம் வழிசொல்ல, ஜெட்டியிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனான். தகரக் கூரைக்கு அடியில் பெரிய மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மழைக்காலம் என்பதால் வெள்ளைப் படுக்கை விரிப்புகளை உள்ளேயே கயிறு கட்டிக் காயப்போட்டிருந்தார்கள். ஐம்பது வயதுக்காரி. மெலிந்த உடம்பு, ஈரக் கை. கம்பெனியிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க தம்பி. கொழுந்தன்தான் கோவத்துல எழுதிட்டாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

"அன்னிக்கு என்னம்மா ஆச்சு?" என்றான். கடிதத்தில் எல்லாம் இருந்தது. ஆனாலும் அவள் வாயால் கேட்கவேண்டும் என்று தோன்றியது.

அவள் சொன்னாள். அவள் வீட்டுக்காரர், பெரியதம்பி என்று பெயர், நெஞ்சுவலி வந்து போர்ட் ப்ளேரில் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டு நாள் கூட இருந்துவிட்டு, சம்பள நாள் என்று அவள் ஹேவ்லாக் வந்திருந்தாள். புதன்கிழமை பதினொன்றரைப் படகில் திரும்பப் போகவேண்டும். காலையில் படகு இல்லை என்று செய்தி வந்தது. சரி, நாளைக்குப் போவோம் என்று நினைத்தாள். மறுபடி வந்தது. மறுபடி. டிங், டிங் என்று நிற்கவே இல்லை. போன் சூடாகி, எதைத் தொட்டாலும் அசையாமல் நின்றுபோனது. பயந்துபோய் பேட்டரியைக் கழற்றிவிட்டாள்.

"அந்த நேரத்துலதான் கொழுந்தன் போன் பண்ணியிருக்காரு. டாக்டருங்க திடீர்னு அவரை சென்னைக்கு அனுப்பணும்னுட்டாங்க. ஒன்றரை மணி ஃபிளைட்டு. ஒம்போது மணி அரசாங்கக் கப்பல் பெருசு, இந்தக் காத்துலயும் போவும், அதைப் பிடிச்சா நீங்க வந்துடலாம் அண்ணின்னு சொல்றதுக்கு இருபது தடவை அடிச்சிருக்காரு. நான் ஒரு பத்தரை மணிக்கு பக்கத்து வீட்டுப் போன்ல சிம்மைப் போட்டேன். கப்பல் போயே போச்சு."

"அய்யா இப்ப எப்படி இருக்காங்க?"

"ஆபரேஷன் நல்லபடியா ஆச்சு. கொழுந்தன்தான் கூட இருக்காரு. அடுத்த வாரம் வர்றாங்க. வீடியோவுல பார்க்கறேன் தினம்." கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்தாள். "ஸ்ட்ரெச்சர்ல ஏத்தற வரைக்கும் வாசலைப் பார்த்துக்கிட்டே இருந்தாராம். குமாரி வந்துட்டாளான்னு கேட்டாராம். பிழைப்போமோ மாட்டோமோன்னு நினைச்சிருப்பாருல்ல. கச்சால் தீவுல ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்துல பொறந்தவங்க தம்பி நாங்க ரெண்டு பேரும். கல்யாணம் ஆன முப்பது வருஷத்துல அவரு எங்கேயும் தனியாப் போனதில்ல."

சுதாகர் மன்னிப்புக் கடிதத்தை நீட்டினான். அவள் அதைப் படிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"ஒரு பொண்ணுதான் தப்பா எழுதிட்டான்னு ஜெட்டியில சொன்னாங்க. வேலையை விட்டு அனுப்பிட்டாங்களாமே?"

அவன் கையிலிருந்த பாஸைத் திருப்பிப் பார்த்தான்.

"பாவம். அன்னிக்கு அந்தப் பொண்ணு எனக்குப் போன் பண்ணிச்சு தம்பி. மத்தியானம். அழுவுற மாதிரி இருந்துச்சு குரல். 'அம்மா, எங்களால உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு, மன்னிச்சுக்குங்க'ன்னுச்சு. அதுகிட்ட எனக்குக் கோவம் ஒண்ணுமில்லேன்னு சொல்லிடுங்க. சின்னப் புள்ள. தெரியாம நடந்திருக்கும்."

சுதாகர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"அது அந்தப் பொண்ணு இல்லம்மா," என்றான். "அது ஒழுங்காத்தான் எழுதியிருந்துச்சு. இப்படி நிக்காமப் போனா நிறுத்தறதுக்கும் வழி வச்சிருந்துச்சு. நான்தான் அதை எடுத்துட்டேன். கேட்டப்ப நான் சொல்லல."

மெஷின் ஒன்று சுற்றி முடித்து நின்றது. அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அந்தப் பொண்ணு?" என்றாள்.

"கார் நிக்கோபார் தீவுல ஏதோ டேட்டா என்ட்ரி வேலைக்குப் போயிருக்குன்னு கேள்வி."

"இதை என்கிட்ட வந்து சொல்றீங்களே. அங்க சொன்னீங்களா?"

"இல்ல."

"அங்க சொல்லுங்க தம்பி. என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது." எழுந்து மெஷினின் கதவைத் திறந்தாள். ஈர விரிப்புகளை இழுத்துக் கூடையில் போட ஆரம்பித்தாள். இலவசப் பாஸை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு அவன் வெளியே வந்தான். டீ குடிக்கிறீர்களா என்று வந்தவுடன் கேட்டிருந்தாள். அந்த டீ வரவே இல்லை.

திரும்பும் படகில் கடல் மோசமாக இருந்தது. எல்லாரும் வாந்தி எடுத்தார்கள். சுதாகருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து சந்திரசேகரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தான். எப்படி ஆரம்பித்தாலும், தன்னைக் கொஞ்சம் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை எங்கிருந்தோ வந்து நுழைந்துகொண்டது. சீசன் நெருக்கடி. அவள் லீவு. நீங்கள் திட்டினீர்கள். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்தான். மிஞ்சியது இரண்டே வாக்கியம்: அழித்தது நான்தான், கேட்டபோது சொல்லவில்லை.

நேராக மேனேஜர் அறைக்குப் போய் அந்த இரண்டையும் சொன்னான்.

சந்திரசேகர் கண்ணாடியைக் கழற்றினார். "அரே, அதான் முடிஞ்சுபோச்சே. முதலாளிக்கு ரிப்போர்ட் போயாச்சு. அவளும் வேற வேலைக்குப் போயிட்டா. இப்ப எதுக்கு இதைக் கிளர்றே?"

"ரிப்போர்ட்ல அவ பேர் இருக்கு சார்."

"இருந்தா என்ன? உனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க. வீட்டுக்குப் போ."

அது பெரிய கருணை. ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். இப்போதும் கால் வாசல் பக்கம்தான் திரும்பியது. ஆனாலும் தன் சீட்டில் போய் உட்கார்ந்து, முதலாளிக்கு நேரடியாக ஒரு மெயில் எழுதினான். ஜனவரியில் எந்தத் தேதியில் எதை அழித்தான், ஜூனில் எதைச் சொல்லாமல் விட்டான் என்று எழுதினான். பழைய பேக்கப்பையும் புதியதையும் இணைத்தான். நகலை சந்திரசேகருக்கும் ஸ்வப்னாவுக்கும் போட்டான்.

பிறகு அவளுக்குப் போன் பண்ணினான். கார் நிக்கோபாருக்கு லைன் கிடைக்க நாலு தடவை முயற்சி செய்யவேண்டியிருந்தது.

"ஸ்வப்னா, நான் சுதாகர். மெயில் பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

"என்னை மன்னிச்சிடு."



"எனக்கு அன்னிக்கே தெரியும் சார். அந்த ஃபைல் மாறின தேதியைப் பார்த்தேன். நான் லீவுல இருந்த வாரம்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன். அந்த ரூம்ல வெயிட் பண்ணேன். அப்புறம் கடைசி நாள் உங்க டேபிள்கிட்ட வெயிட் பண்ணேன்." அவள் குரலில் கோபம் இல்லை. களைப்பு மாதிரி இருந்தது. "நான் சொல்லியிருந்தா, தன் தப்பை சீனியர் மேல போடறான்னு சொல்லியிருப்பாங்க. கான்ட்ராக்ட்ல இருக்கறவ சொன்னா யாரு நம்புவாங்க?"

"உன்னைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கச் சொல்லியும் எழுதியிருக்கேன்."

"வேண்டாம் சார். நான் வரல." பிறகு, "மெயில் அனுப்பினதுக்கு தேங்க்ஸ்" என்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவனும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

மூன்று நாளில் முதலாளியிடமிருந்து பதில் வந்தது. சுதாகரை சர்வர் வேலையிலிருந்து எடுத்து டிக்கெட் கவுண்டருக்குப் போட்டார்கள். ஸ்வப்னாவுக்குக் கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் போயிற்று. அந்தக் கோளாறுக்கு அவள் பொறுப்பில்லை என்று அதில் இருந்தது.

வீட்டில் சொல்வதுதான் மிச்சம் இருந்தது. கவுண்டருக்கு மாற்றின செய்தியோடு சேர்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தபோது சௌமியாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசி வரை குறுக்கே பேசவில்லை.

"எதிர் வீட்டு மீனாகிட்ட அந்தப் பொண்ணைப் பத்தி நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கேன் தெரியுமா?" என்றாள். "பொறுப்பு கிடையாது, போன்லயே இருப்பாளாம்னு. நானா சேர்த்துச் சொன்னேன். மீனாவோட தங்கச்சியும் கார் நிக்கோபார்லதான் ஆபீஸ்ல இருக்கா. இந்நேரம் அங்கேயும் போயிருக்கும்."



அவள் கீரையை முறத்தில் தள்ளிவிட்டு எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்தாள். "வாங்க, மீனாகிட்ட சொல்லிடுவோம். நானும் வரேன். ஆனா பேசறது நீங்கதான்," என்று சொல்லிக் கதவைத் திறந்து வெளியே போய் நின்றாள். சுதாகர் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் போனான். எதிர் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. மீனா உள்ளிருந்து, "வாங்க வாங்க, என்ன ரெண்டு பேரும் சேர்ந்து?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

"உக்காருங்க மீனா, ஒண்ணு சொல்லணும்," என்றான் சுதாகர்.